பிடித்ததும் சிறந்ததும்

இசையை விரும்பாத மனிதர் இலர் என்பார்கள். இசைக்கு மதிப்பெண் போடாத மனிதரும் இலர் என்றே சொல்லத் தோன்றுகிறது. வீட்டில் தந்தை பழைய பாடல் ஒன்றைக் கேட்டுக் கண்மூடி அமர்ந்திருப்பார், "ஏன் இப்படி இழுக்கிறார்கள்?" என்பாள் மகள். மகள் தனக்கு விருப்பமான பாடலை வைத்தால், "இது பாட்டா, இரைச்சலா?" என்பார் தந்தை. கைப்பேசி வந்த பின்னரோ, ஓர் இசைத்தொகுப்புக்கு ஐந்து நட்சத்திரங்களை வாரி வழங்குவதும், ஒன்றே ஒன்றைக் கொடுத்து ஒதுக்கித் தள்ளுவதும் விரல்நுனி வேலையாகி விட்டன.

மதிப்பெண் போடுவது தவறன்று. தமிழ்நாட்டார்க்கு அது பழகிய ஒன்றுதான். 'ஆனந்த விகடன்' இதழ் திரைப்படங்களுக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் கொடுத்து வந்ததையும், 1977-இல் வெளிவந்த '16 வயதினிலே' படத்துக்கு 62.5 மதிப்பெண் வழங்கியதையும் நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் நினைவு கூர்வார்கள். நூற்றுக்கு அறுபத்திரண்டரை பெற்றதே பெருமையாகப் பேசப்பட்டது என்றால், அந்த மதிப்பெண்ணைப் போட்டவர்கள் ஏதோ ஓர் அளவுகோலைக் கையில் வைத்திருந்தார்கள் என்று பொருள்.

நம் கையில் உள்ள அளவுகோல் எது? நமக்குப் பிடித்ததா, பிடிக்கவில்லையா என்பதா? அல்லது அந்தக் கலைஞர் எதைச் செய்ய எண்ணினார், அதை எவ்வளவு செய்து முடித்தார் என்பதா? இவ்விரண்டும் வேறு வேறானவை; இவற்றை ஒன்றாகக் குழப்புவதால் கலைக்கும் தீங்கு, நமக்கும் தீங்கு என்பதே இக்கட்டுரையில் நான் கூற விரும்பும் கருத்து.

இரண்டு தவறான வழிகள்

"எனக்குப் பிடிக்கவில்லை, ஆகவே அது நன்றாக இல்லை" என்பது முதல் தவறு. இப்படிச் சொல்பவர் இசையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தம்மைப் பற்றித்தான் சொல்கிறார். பாகற்காய் கசக்கிறது என்பதற்காகச் சமைத்தவரைக் குறை கூறுவது போன்றது இது. பாகற்காய்க் குழம்பில் உப்பு மிகுந்திருந்தால் சமைத்தவரைக் கேட்கலாம். கசப்புக்கு அவர் என்ன செய்வார்?

இரண்டாவது தவறு இதற்கு நேர் எதிரானது. "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?" என்று கேட்பவரின் தவறு அது. பெரிய வித்துவான் செய்தது, பெரிய நோக்கத்தோடு செய்தது, ஆகவே அது சிறந்தது. உனக்குப் பிடிக்கவில்லை என்றால் குறை உன்னிடம்தான் என்று இவர் வாயடைத்து விடுவார். இதனால் எத்தனையோ பேர், பிடிக்காததைப் பிடித்ததாக நடிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். கச்சேரியில் பக்கத்தில் இருப்பவர் தலையாட்டுகிறார் என்று தாமும் தலையாட்டுகிறார்கள். பொய்யாகத் தலையாட்டுவதைக் காட்டிலும், உண்மையாகக் கொட்டாவி விடுவது மேலானது.

ஓர் எடுத்துக்காட்டு

இந்த இரு தவறுகளுக்கும் நடுவே வழி உண்டா என்பதைப் பார்க்க, நம்மவர் ஒருவரின் படைப்பையே எடுத்துக்கொள்வோம். பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா 1976-இல் 'அன்னக்கிளி' மூலம் திரையிசைக்கு வந்தவர். அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து, 1986-இல், அவர் ஓர் இசைத்தொகுப்பை வெளியிட்டார். அதில் படம் இல்லை, கதை இல்லை, நடிகர் இல்லை. திரைப்பாடல்களில் நாம் கேட்டுப் பழகிய பல்லவியும் சரணமும் இல்லை. பெரும்பாலும் வயலின்களும் பிற வாத்தியங்களுமே பேசுகின்றன. தலைப்பே ஒரு கேள்வி: 'ஹௌ டு நேம் இட்?' 'இதற்கு என்ன பெயர் வைப்பது?' என்று தமிழில் சொல்லலாம்.

அவருடைய திரைப்பாடல்களை விரும்பிக் கேட்ட ஒருவர், அதே எண்ணத்தோடு இதை வாங்கிக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? "பாட்டே இல்லையே!" என்று ஏமாந்திருப்பார். கர்நாடக இசை ஒன்றையே கேட்டு வளர்ந்தவர், "ராகம் விரியும் நேரத்தில் குறுக்கே வேறு வயலின்கள் வந்து விடுகின்றனவே" என்று முகம் சுளித்திருப்பார். மேலைநாட்டு இசையை மட்டுமே அறிந்தவர்க்கு நம் கமகங்கள் விளங்காமல் போயிருக்கும். மூவரும் ஐந்துக்கு ஒன்றோ இரண்டோ போட்டிருந்தாலும் வியப்பதற்கில்லை. மூவரும் தாம் தேடி வந்தது அங்கே இல்லை என்பதற்காகவே குறைத்திருப்பார்கள். அங்கே என்ன இருக்கிறது என்று ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அங்கே என்னதான் இருக்கிறது? இத்தொகுப்பை இளையராஜா இருவர்க்குக் காணிக்கையாக்கினார். ஒருவர் திருவையாற்றுத் தியாகராஜ சுவாமிகள் (1767–1847). மற்றவர் ஜெர்மன் நாட்டு யோகான் செபாஸ்டியன் பாக் (1685–1750). தியாகராஜர் பிறப்பதற்கு முன்பே பாக் மறைந்து விட்டார். ஒருவர் நாட்டை மற்றவர் கண்டதில்லை. இவ்விருவரையும் ஓர் அறையில் உட்கார வைத்துப் பேசச் செய்தால் எப்படி இருக்கும் என்பதே இத்தொகுப்பின் எண்ணம். இதை நாமாகக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. 'என் வீட்டில் பாக்கைச் சந்தித்தேன்' என்று பொருள்படும் தலைப்பே ஓர் இசைப்பகுதிக்கு இருக்கிறது. அதில் பாக் தனி வயலினுக்கு எழுதிய புகழ்பெற்ற பகுதி ஒன்று ஒலிக்க, அதனோடு இளையராஜாவின் இசை உரையாடுகிறது. வயலின் வாசித்தவர் வி. எஸ். நரசிம்மன். 'ஒப்பிடாதே' என்று பொருள்படும் தலைப்பும் ஒரு பகுதிக்கு உண்டு. மதிப்பெண் போட அவசரப்படுவோர்க்கு இதைவிட நல்ல அறிவுரை வேண்டுமா?

நம் இசையில் ஒரே மெல்லிசைக் கோடு ராகத்தின் வழியே நடந்து செல்லும். மற்ற வாத்தியங்கள் அதற்குத் துணை நிற்கும். மேலை இசையில் பல கோடுகள் ஒரே நேரத்தில் தனித்தனியே நடந்து, ஒன்றோடொன்று பொருந்தும். ஒரு குரல் தொடங்கியதை மற்றொரு குரல் பிடித்துக்கொண்டு தொடர்வதும், முதற்குரல் வேறு வழியே போவதும் பாக்கின் கைவந்த கலை. இந்த இரு முறைகளையும், ராகம் கெடாமலும், பல குரல்களின் பொருத்தம் கெடாமலும் சேர்ப்பது எளிதன்று. அவ்வளவு கடினமான வேலையை ஏற்றுக்கொண்டார் என்பதை அறிந்த பிறகுதான், எங்கே வென்றார், எங்கே சேர்க்கை ஒட்டவில்லை என்று நம்மால் நேர்மையாகப் பேச முடியும். நோக்கத்தை அறிவதால் மதிப்பெண் கூடத்தான் வேண்டும் என்பதில்லை. குறையும் அப்போதுதான் சரியான இடத்தில் விழும்.

2005-இல் வெளிவந்த அவருடைய திருவாசக இசைத்தொகுப்பையும் இதே முறையில் பார்க்கலாம். மாணிக்கவாசகரின் பாடல்களுக்குச் சிம்பொனி முறையில் இசையமைத்து, ஹங்கேரி நாட்டுப் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவைக் கொண்டு வாசிக்கச் செய்தார். ஆங்கில வரிகளை எழுதியவர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் என்னும் அமெரிக்கர். தயாரித்தது தமிழ் மையம். அதை நிறுவியவர் ஜெகத் கஸ்பார் என்னும் கத்தோலிக்கக் குரு. 1900-இல் திருவாசகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்ட போப்பையரும் ஒரு கிறிஸ்தவக் குருவே என்பது இங்கு நினைவுக்கு வருகிறது.

சிவாலயங்களில் ஓதுவார்கள் திருவாசகத்தை மோகன ராகத்தில் உருகிப் பாடுவது மரபு. அதைக் கேட்டுப் பழகிய ஒருவர்க்கு அத்தனை வயலின்களும் ஊதுகுழல்களும் சூழ வரும் திருவாசகம் அந்நியமாகத் தோன்றலாம். தோன்றுவதில் பிழையில்லை. ஆனால் "இது ஓதுவார் பாடுவது போல் இல்லை" என்பது விமரிசனமாகாது. ஓதுவார் பாடுவது போல் இருக்க வேண்டும் என்பது இதன் நோக்கமே அன்று. "இத்தனை வாத்தியங்களுக்கு நடுவில் மாணிக்கவாசகரின் சொல் தெளிவாகக் கேட்கிறதா? பக்தனின் கண்ணீர் அந்தப் பெரிய ஓசையில் மூழ்கி விடவில்லையா?" என்று கேட்டால் அது விமரிசனம். அக்கேள்விக்கு இருவர் இருவேறு விடை சொல்லலாம். ஆனால் இருவரும் அந்தப் படைப்பைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார்கள்.

நம் ஊர்ப் பக்கத்திலேயே

இவையெல்லாம் பெரிய நகரத்துப் பெரிய இசைக்கு மட்டும் உரிய பேச்சு என்று எண்ண வேண்டா. வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில், நம் கணியம்பாடியைச் சுற்றியும் அமிர்தி மலையடிவாரத்திலும் வாழ்வோர்க்குத் தெருக்கூத்து புதிதன்று. திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாவில் இரவு தொடங்கும் கூத்து விடியும் வரை நடைபெறும். முகவீணை, மத்தளம், தாளம், ஆர்மோனியம் இவற்றின் நடுவே கூத்தர் உச்சக் குரலில் பாடுவார். "ஏன் இப்படிக் கத்துகிறார்கள்?" என்று நம் மாணவியருள் சிலர் கேட்பதை நான் கேட்டிருக்கிறேன்.

ஏன் என்பதற்கு விடை உண்டு. ஒலிபெருக்கி வருவதற்கு முன்பே பிறந்த கலை அது. திறந்த வெளியில், தரையில் அமர்ந்திருக்கும் கடைசி மனிதர் வரை சொல் போய்ச் சேர வேண்டும். முகவீணையின் கூர்மையான ஒலியைத் தாண்டிக் கேட்க வேண்டும். நள்ளிரவு தாண்டி உறங்கத் தொடங்கும் கூட்டத்தை எழுப்பி உட்கார வைக்க வேண்டும். இத்தனைக்கும் ஈடு கொடுக்கவே அந்தக் குரல் அப்படிப் பழக்கப்பட்டது. சபாவில் ஒலிவாங்கியின் முன் பாடும் குரலை எதிர்பார்த்துச் சென்று, அது இல்லையென்று மதிப்பெண்ணைக் குறைப்பது, ஏர் உழும் மாட்டைப் பார்த்து அது குதிரை போல ஓடவில்லை என்பதற்கு ஒப்பாகும்.

இப்படிப்பட்ட மதிப்பெண் ஒரு சிறுமியின் மேல் விழுந்ததையும் நான் கண்டிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் வெளியூரில் நடந்த ஒரு போட்டியில், மலையடிவாரச் சிற்றூரிலிருந்து வந்த மாணவி ஒருத்தி நடவுப் பாட்டுப் பாடினாள். தாயோடு சேற்றில் இறங்கி நடவு செய்தபோது கற்ற பாட்டு அது. வயல் முழுதும் கேட்கும்படி, குனிந்து நட்டுக்கொண்டே பின்பாட்டுப் பாடுவோர் பிடித்துக்கொள்ளும்படி, தொண்டையைத் திறந்து பாடினாள். தாளம் ஓரிடத்திலும் வழுவவில்லை. நடுவர் தாளிலே எழுதியது: 'குரலில் இனிமை இல்லை.' போட்டியின் பெயரோ நாட்டுப்புறப் பாடல் போட்டி! கடைசி இடம் கிடைத்ததைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் எந்த மேடையிலும் ஏறவில்லை. "எங்கள் பாட்டெல்லாம் இங்கே செல்லாது டீச்சர்" என்று மட்டும் ஒருமுறை சொன்னாள். தம் சொந்த விருப்பத்தை அளவுகோலாக்கிய ஒருவரின் ஒரு வரி, ஒரு பெண்ணுக்குத் தன் தாயின் பாட்டே தாழ்ந்தது என்று கற்றுக்கொடுத்து விட்டது. இது சிறிய தீங்கா?

நோக்கம் நமக்கு எப்படித் தெரியும்?

"கலைஞர் மனத்தில் என்ன நினைத்தார் என்பது நமக்கு எப்படித் தெரியும்?" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. அவருடைய மனத்துக்குள் நாம் புக முடியாதுதான், புகவும் வேண்டியதில்லை. நோக்கம் பெரும்பாலும் படைப்பின் மேலேயே எழுதப்பட்டிருக்கிறது. தலைப்பைப் பாருங்கள். யாருக்குக் காணிக்கை என்று பாருங்கள். எந்தெந்த வாத்தியங்கள், எத்தனை குரல்கள், எந்த இடத்தில் எந்த நேரத்தில் பாடுவதற்கு உரியது என்று பாருங்கள். மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை 1878-இல் வெளியிட்ட நூலின் பெயர் 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'. தாம் கத்தோலிக்கராக இருந்தும், எல்லாச் சமயத்தாரும் மனத்தடை இன்றிப் பாடத்தக்க கீர்த்தனைகளைச் செய்ய விரும்பினார் என்பதை அப்பெயரே சொல்லி விடுகிறது. பல சமயத்தவர் வாயிலும் அப்பாடல்கள் ஒலிக்க முடிகிறதா என்பதே அவற்றுக்கு உரிய முதற்கேள்வி. அவர் தியாகராஜரைப் போல் ராகங்களை விரித்தாரா என்பது பிறகு கேட்க வேண்டிய கேள்வி.

நோக்கம் மட்டும் போதுமா?

போதாது. இதையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். நல்ல எண்ணத்தோடு செய்யப்பட்டதெல்லாம் நல்ல இசையாகி விடாது. நம் ஆலயங்களிலேயே பார்க்கலாம். 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, இறைமக்கள் அனைவரும் வழிபாட்டில் பங்கெடுத்துப் பாட வேண்டும் என்று வற்புறுத்தியது. அதன் பிறகு தமிழில் எத்தனையோ பாடல்கள் வந்தன. அவற்றுள் கேட்க மிக அழகான ஒரு பாடல் இருக்கலாம். ஆனால் பாடகர் குழுவில் இருவர் தவிர வேறு யாரும் எட்ட முடியாத உச்சத்தில் அது அமைந்திருந்தால், எல்லாரும் சேர்ந்து பாடுவதற்கு என்று செய்யப்பட்ட அப்பாடல் தன் வேலையில் தோற்றது. எனக்கு அது எவ்வளவு பிடித்திருந்தாலும், அதன் நோக்கத்துக்கு உரிய மதிப்பெண்ணை நான் குறைக்கத்தான் வேண்டும்.

இன்னொன்று. நோக்கம் முழுதும் நிறைவேறியும் படைப்பு சிறியதாக இருக்கலாம். 1813 டிசம்பர் 8 அன்று வியன்னா நகரில், போரில் காயமுற்ற வீரர்களுக்கு நிதி திரட்ட ஓர் இசை நிகழ்ச்சி நடந்தது. பெத்தோவன் இரண்டு புதுப் படைப்புகளை அளித்தார். ஒன்று, ஸ்பெயின் நாட்டு விட்டோரியாவில் வெலிங்டன் பெற்ற வெற்றியைக் கொண்டாடும் போர் இசை. பீரங்கி முழக்கமும் துப்பாக்கி ஓசையும் அதில் உண்டு. மற்றொன்று அவருடைய ஏழாவது சிம்பொனி. போர் இசையைக் கேட்டு மக்கள் பெரிதும் ஆரவாரித்தார்கள். வெற்றிக் களிப்பைக் கிளப்ப வேண்டும் என்ற நோக்கம் குறைவின்றி நிறைவேறியது. இன்றோ உலகெங்கும் வாசிக்கப்படுவது ஏழாவது சிம்பொனி. போர் இசை எப்போதாவது வேடிக்கையாக ஒலிப்பதோடு சரி. ஒரே கலைஞர், ஒரே மேடை, ஒரே நாள். ஒன்று அந்த நாளுக்குச் செய்யப்பட்டது; மற்றது அந்த நாளைக் கடந்து நின்றது. ஆகவே, "எண்ணியதைச் செய்தாரா?" என்பதோடு, "எண்ணியது எவ்வளவு பெரியது?" என்றும் கேட்டாக வேண்டும்.

நம் விருப்பத்துக்கு இடம் எங்கே?

அப்படியானால் என் விருப்பத்துக்கு மதிப்பே இல்லையா என்று மாணவிகள் கேட்கலாம். உண்டு, மிக உண்டு. விருப்பம் இல்லாதவன் இசையின் வாசலுக்கே வர மாட்டான். ஒரு பாட்டு நம்மைப் பிடித்து நிறுத்துவதால்தான் அதை மீண்டும் கேட்கிறோம். மீண்டும் கேட்பதால்தான் அதன் நுட்பம் விளங்குகிறது. விருப்பம் நம்மை அழைத்துச் செல்லும் தோழி. ஆனால் தோழியை நீதிபதியின் நாற்காலியில் உட்கார வைக்கக் கூடாது. மேலும் விருப்பம் வளரக்கூடியது. ஐந்து வயதில் இனிப்பு ஒன்றையே கேட்ட நாக்கு, பின்னர் கசப்பையும் துவர்ப்பையும் ஏற்கக் கற்றுக்கொள்வதில்லையா? முதல் நாளே பூஜ்யம் போட்டுக் கதவைச் சாத்தி விட்டால், அந்த வளர்ச்சிக்கு வழியேது?

ஆகவே ஓர் எளிய முறையை நம் பள்ளிக்கு முன்வைக்கிறேன். ஓர் இசைத்தொகுப்பைக் கேட்டு மதிப்பெண் எழுதும்போது தாளை இரண்டாக மடித்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் 'எனக்கு' என்று எழுதி, பிடித்ததா இல்லையா என்று மனம் திறந்து போடுங்கள். அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மறுபக்கத்தில் 'படைப்புக்கு' என்று எழுதி மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். இது எதைச் செய்ய முயல்கிறது? அதை எவ்வளவு செய்து முடித்தது? அந்த முயற்சி எவ்வளவு பெருமை உடையது? முழுதும் ஒருமுறையேனும் கேட்காமல் மறுபக்கத்தில் கை வைக்கக் கூடாது. ஒரு பக்கத்தில் பத்துக்கு மூன்றும், மறுபக்கத்தில் பத்துக்கு எட்டும் வந்தால் அஞ்ச வேண்டா. அதுவே நேர்மையான மதிப்பீடு.

இலக்கிய மன்ற விழாவிலும் ஆண்டு விழாவிலும் நடுவர்களாக அமரும் ஆசிரியைகளும் அருட்சகோதரிகளும் இதே முறையைக் கைக்கொண்டால் நலம். பாட வரும் பெண்ணிடம், "இந்தப் பாட்டு எங்கே, எப்போது, யாருக்காகப் பாடப்படுவது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டு விட்டுப் பேனாவை எடுத்தால் போதும். பெற்றோர்களும் பிள்ளைகள் கேட்கும் இசையை 'இரைச்சல்' என்று தள்ளுமுன், அதில் எதைக் கேட்கிறாய் என்று அவர்களையே சொல்லச் செய்யலாம். பிள்ளைகளும் அதே மரியாதையைத் தந்தையின் பழைய பாடலுக்குத் தரக் கடமைப்பட்டவர்கள்.

ஒருவரிடம் உள்ள நல்லவற்றையும் அல்லவற்றையும் சேர்த்துப் பார்த்து, எது கூடுதலோ அதைக் கொண்டு முடிவுக்கு வர வேண்டும் என்றார் வள்ளுவர். மனிதர்க்குச் சொன்னது இசைக்கும் பொருந்தும். இசையை இவ்வாறு நிதானமாக மதிக்கக் கற்றவள், நாளை தன்னோடு பழகும் மனிதர்களையும், "எனக்குப் பிடிக்கவில்லை" என்ற ஒரே சொல்லால் தள்ளி விட மாட்டாள். அவர்கள் எதற்காகப் பாடுபடுகிறார்கள் என்று முதலில் கேட்பாள். பள்ளியில் நாம் இசை பயில்வதன் பயன்களுள் இது கடைசியானதன்று.